மூன்றாவது சிவப்பு

கொடைக்கானல்
12.6.2024

அன்புள்ள சங்கரி,

ஒரு வாரமாகப் போன் அடிக்கிறேன், நீ எடுப்பதாக இல்லை. வாட்ஸப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு முழித்துக்கொண்டு நிற்கிறது. போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாயா? செய்யக்கூடியவள்தான் நீ. அதனால் நம் வேலூர் விடுதிக் காலத்து வழக்கப்படி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லெட்டர் எழுதச் சொல்லித்தருகிறேனே தவிர, நானே எழுதிப் பல வருஷம் ஆகிறது.

முதலில் நன்றி. எனக்கும் என் பெண் ஜெயப்ரியாவுக்கும் பிள்ளையார்பாளையத்தில் நடந்த உபசாரத்தை இங்கே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறேன். மிளகும் சுக்கும் போட்டு உன் கையால் செய்த இட்லி இன்னும் நாக்கில் இருக்கிறது. கல்யாணப் பெண் என்று உன் வீட்டுக்காரர் அவளைத் தறியில் உட்கார வைத்துக் காட்டியதும், உன் கொழுந்தனார் குமரகுரு தன் சாயப்பட்டறையில் அவளையே நிறம் பார்த்துச் சொல்லச் சொன்னதும் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆனால் ஊரைப் பற்றி ஒன்று சொல்வேன், கோபிக்காதே. கொடைக்கானல்காரி நான். வருகிற கூட்டம் ஒரு ஊரை என்ன பாடுபடுத்தும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் ஏரியில் பாட்டில் பொறுக்கியே என் ஞாயிற்றுக்கிழமைகள் தேய்ந்தன. இருந்தும் உங்கள் ஊரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கைலாசநாதர் கோயிலுக்குப் போகச் சொன்னால் ஆட்டோக்காரர் புடவைக் கடை வாசலில் இறக்குகிறார். "சும்மா பாருங்கம்மா, வாங்கவே வேணாம்" என்கிறார். கல்யாணப் பட்டுக்கு வேன் வேனாக வந்து இறங்குகிறவர்கள் தின்ற தட்டையும் குடித்த பாட்டிலையும் கோயில் குளத்துப் படியில் வைத்துவிட்டு, அதே படியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். குளத்துக்கு வர வேண்டிய கால்வாயில் வீடு ஏறி நிற்கிறது. வேகவதியை ஆறு என்று நீ சொன்னதால் நம்பினேன்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் உன் தெருச் சாக்கடையில் செக்கச்செவேலென்று ஓடியதே, அதை வீடியோ எடுத்தேன் இல்லையா? எங்கள் பசுமை வட்டத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். 'பட்டு நகரத்தின் மறுபக்கம்' என்று தலைப்பு. சங்கரி, என்னால் நம்பவே முடியவில்லை, லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். உங்கள் ஊர்க்காரர்களே பகிர்ந்திருக்கிறார்கள். யார் பெயரும் போடவில்லை, பயப்படாதே. நாலு பேர் பார்த்து ஊருக்கு நல்லது நடந்தால் சரி.

புடவை தறியேறிவிட்டதா? ஆவணி முகூர்த்தம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். போனை அரிசிப் பானையில் போட்டு வை, சரியாகிவிடும்.

உன்
ரேவதி


காஞ்சிபுரம்
19.6.2024

ரேவதிக்கு,

என் போன் எங்கேயும் விழவில்லை. நான்தான் எடுக்கவில்லை.

பெயர் போடவில்லை என்று எழுதியிருக்கிறாய். குமரகுருவின் முகத்தைப் போட்டிருக்கிறாயே, அது போதாதா? கையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தவன், நீ எதற்கு எடுக்கிறாய் என்றுகூடத் தெரியாமல், உன்னைப் பார்த்துச் சிரித்து, "அக்கா, டீ சாப்ட்டீங்களா? ரயிலுக்கு நேரமாவுது பாருங்க" என்கிறான். அதையும் சேர்த்தே போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே ஊரான் எல்லாம் என்ன எழுதியிருக்கிறான் என்று படித்தாயா? "ஊருக்கே விஷம் வச்சிட்டு டீ கேக்குறான் பாரு" என்று ஒருத்தன். அவன் சிரிப்பை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு ஒருத்தன். அவன் மகள் துர்கா ஏனாத்தூருக்குக் காலேஜ் பஸ்ஸில் போகிறவள். பஸ்ஸில் அவளிடமே காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையைப் போட்டவள்தான், இன்னும் பஸ் ஏறவில்லை.

போன வாரம் அதிகாரிகள் வந்தார்கள். பட்டறைக்குப் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்து, காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவே நின்று பார்த்தது. எங்கள் வீட்டுக்காரர் தறியை விட்டு இறங்கவில்லை. தம்பி வாசலில் பூட்டு விழுகிற சத்தம் கேட்டும் இறங்கவில்லை. ஏன் தெரியுமா? அந்தத் தறியில் ஓடிக்கொண்டிருந்தது உன் மகள் புடவை. இறங்கி வந்தால் கையிலிருக்கும் தறி நாடாவை வீசி எறிந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குச் சாக்கடையில் ஓடிய சிவப்பு யாருடையது?

முகூர்த்தப் புடவை நூலைச் சாயக் கொப்பரையிலிருந்து எடுத்ததும் கல்யாணப் பெண் கண்ணால் பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் பாவு போடுவார்கள். மாமனார் காலத்து வழக்கம். வெளியாளுக்கு யார் இதெல்லாம் செய்கிறார்கள்? நீ என் சிநேகிதி என்று குமரகுரு செய்தான். முதல் தடவை ஈர நூலைத் தூக்கிக் காட்டினான். ஜெயப்ரியா போனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ரொம்ப டார்க் என்றாள். "காஞ்சா எறங்கிடும்மா, ஈரத்துல அப்டித்தான் தெரியும்" என்று எத்தனை தடவை சொன்னான்? நீ நம்பவில்லை. கொதிக்க வைத்து அந்த நிறத்தை இறக்கினான். இறங்கிய சிவப்பு அத்தனையும் தண்ணீரில். இரண்டாவது தடவை வெளுத்துவிட்டது என்றீர்கள். மூன்றாவது தடவை போட்டதுதான் உனக்குப் பிடித்தது. அதுவும் முதல் நிறமும் ஒன்றேதான், ரேவதி. அதே சாய மருந்து, அதே அளவு. உன் மனசு நோகக் கூடாது என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

உன் வீடியோ பட்டறைக்கு உள்ளே ஜெயப்ரியா நூலைப் பிடித்துக்கொண்டு "இப்ப ஓகே அங்கிள்" என்று சொல்வதிலிருந்து ஆரம்பித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பாதி எங்கே போயிற்று?

சங்கரி


கொடைக்கானல்
24.6.2024

சங்கரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. தலைவலி என்று லீவு சொன்னேன். பொய்யும் சேர்ந்துகொண்டது.

வீடியோவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? நான் எடுப்பதற்குள் எத்தனையோ பேர் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய் எடுங்கள் என்று கெஞ்சினேன். "யாரு மேடம் நீங்க, பட்டறை ஓனரா?" என்று ஒருத்தர் கேட்டார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

துர்காவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்கு ஜடை பின்னிவிட்டு, ரயிலில் சாப்பிட மாம்பழம் அறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்த பெண்.

முன்பாதியை வெட்டியது நான்தான். அதில் ஜெயப்ரியா இருந்தாள், கல்யாணம் நிச்சயமான பெண்ணை எதற்கு நாலு பேர் பார்க்கும்படி வைப்பது என்று வெட்டினேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெண் முகம் வரக் கூடாது என்று தோன்றிய எனக்கு, குமரகுரு முகம் வரலாமா என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லையே. அதுதான் என்னைத் தின்கிறது.

ஆனாலும் சங்கரி, ஒன்று கேட்கிறேன், என்னை இன்னும் கொஞ்சம் திட்டினாலும் பரவாயில்லை. சிவப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். சாக்கடையில் விட்டது சரியா? அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தொட்டியில் சேர்த்துவைத்து டேங்கரில் அனுப்பிவிடுவோம் என்று குமரகுருவே முதல் நாள் எனக்குப் பெருமையாகக் காட்டினாரே. நான் காட்டியது பொய்யா?

எங்கள் ஊருக்கு வருகிறவர்களை நாங்கள் என்னவெல்லாம் திட்டுவோம் தெரியுமா? மூன்று நாள் தங்கி, நாலு குப்பை போட்டுவிட்டு, ஊர் நாறுகிறது என்று ஊருக்குப் போய் எழுதுகிறார்கள் என்று. அந்த ஆளாக நான் ஒருநாளும் ஆக மாட்டேன் என்று நினைத்திருந்தேன். உன் வாசலில் நின்றபோது நான் அப்பட்டமாக அந்த ஆள்தான்.

பூட்டைத் திறக்க என்ன செய்ய வேண்டும், சொல். எதுவானாலும் செய்கிறேன்.

ரேவதி


காஞ்சிபுரம்
1.7.2024

ரேவதி,

நான் காட்டியது பொய்யா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை இரண்டு நாள் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். மூன்றாம் நாள் திட்டு வரவில்லை.

பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பட்டறைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கிற டேங்கர் வந்து தொட்டியைக் காலி பண்ணும். உன் சிவப்பை இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கியதில் தொட்டி விளிம்பு வரை வந்துவிட்டது. டேங்கர் அன்றைக்கு ரிப்பேர். நீ மதியம் கிளம்ப வேண்டும், பெண் நிறம் பார்த்துச் சொல்லாமல் பாவு போட முடியாது. "அண்ணி, நாளைக்கு டேங்கர் வந்தாட்டு போட்டுக்கலாம், ரேவதி அக்காவ ஒரு நாள் இருக்கச் சொல்லேன்" என்றான் குமரகுரு. நான்தான், "அவங்க டிக்கெட் போட்டுட்டாங்கபா, ஒரு தடவதான, தெறந்து வுடு" என்றேன். அவன் குழாயைப் பிடித்தான். சொன்ன வாய் என்னுடையது. வீடியோவில் என் முகம் இல்லை. வந்த அதிகாரிகள் முன்னாலும் நான் இதைச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். உன்னைக் கேள்வி கேட்க எனக்கு ஏது யோக்கியதை?

இப்போது ஒரு உதவி. பதினெட்டாம் தேதி அதிகாரிகள் தெருவுக்கே வந்து விசாரிக்கப் போகிறார்கள். தெரியாமல் ஒரு நாள் நடந்தது என்று தெரிந்தால் எச்சரிக்கையோடு திறந்துவிட வாய்ப்பு இருக்கிறது என்கிறார், எங்களுக்குத் தெரிந்த வக்கீல் தினகரன். வீடியோ எடுத்த ஆளே எழுதிக் கொடுத்தால் நல்லதாம். 'நான் அங்கே தங்கிய நாட்களில் ஒரு நாள்தான் இப்படிப் பார்த்தேன், மற்றபடி கழிவுநீரைத் தொட்டியில்தான் சேர்த்தார்கள், இது வழக்கமாக நடப்பது அல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தெருக்கோடி வீட்டில் என் பெரிய நாத்தனார் அம்சவேணி இருக்கிறார். அவரைப் பார்த்திருக்கிறாய், வெற்றிலை போடுவாரே. சாக்கடை அவர் வீட்டை ஒட்டித்தான் திரும்பி மஞ்சள்நீர்க் கால்வாய்க்குப் போகிறது. வீட்டு போர்வெல் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவரும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கூடப்பிறந்த தம்பிக்கு அக்கா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

குமரகுருவுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது. தெரிய வேண்டாம்.

சங்கரி


கொடைக்கானல்
6.7.2024

அன்புள்ள சங்கரி,

நீ கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன், விசாரணைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். 'வழக்கமாக நடப்பது அல்ல' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. எனக்கு அது எப்படித் தெரியும்? நான் இருந்தது ஐந்து நாள். பிறகு, என்னால் கெட்டதை நான்தானே சரிசெய்ய வேண்டும் என்று எழுதிவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். நிறத்தை மாற்றி மாற்றிப் போடச் சொன்னது நாங்கள்தான் என்பதை அந்தக் காகிதத்தில் நான் எழுதவில்லை. நீயும் அங்கே சொல்ல வேண்டாம். ஜெயப்ரியாவின் மாமியார் வீடு எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பசுமை வட்டத்திலும் இந்த வருஷம் என்னைத்தான் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். நான் வெளியே வராமல் இந்த விஷயம் முடிந்தால் நல்லது.

இதைத் திரும்பப் படித்தால் கூசுகிறது. வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன். வேறு தாளில் எழுதினாலும் இதைத்தான் எழுதுவேன் என்று தெரிந்ததால் அனுப்புகிறேன்.

உன்
ரேவதி


காஞ்சிபுரம்
20.7.2024

ரேவதி,

உன் காகிதம் வேளைக்கு வந்து சேர்ந்தது. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதிகாரிகள் மூன்று பேர். பட்டறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். தெரு முழுக்கக் கூட்டம். மற்ற பட்டறைக்காரர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள், இன்றைக்குக் குமரகுருவுக்கு நடப்பதுதான் நாளைக்குத் தங்களுக்கு என்று. வந்தவர்கள் ஆளை அனுப்பி வீட்டுக்கு வீடு போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வரச் சொன்னார்கள். பாட்டிலுக்குப் பாட்டில் வீட்டு எண் எழுதி மேஜையில் வரிசையாக வைத்தார்கள். கோடி வீட்டுப் பாட்டிலைப் பார்க்கவே வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிந்தது. ரோஸ் நிறம் லேசாக, பன்னீர் ரோஜா ஊறிய தண்ணீர் மாதிரி.

அம்சவேணி அண்ணியைக் கூப்பிட்டார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இது உங்க வீட்டுத் தண்ணிதானம்மா?"

"ஆமா சார்."

"இதைக் குடிக்கிறீங்களா?"

"குடிச்சிக்கினுதான் சார் இருக்கறோம். நல்லாத்தான் இருக்குது."

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். மிரட்டவில்லை. "அம்மா, யோசிச்சு சொல்லுங்க" என்று மட்டும்தான் சொன்னார். அண்ணிக்கு அது போதவில்லைபோல. தன்னை நம்பவில்லை என்று பட்டிருக்கிறது. சட்டென்று அந்தப் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், "நம்பலன்னா பாருங்க சார்" என்று அண்ணாந்து வாயில் ஊற்றப்போனார்.

நான் அங்கேயே உன் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குமரகுரு எப்படிப் பாய்ந்தான் என்று தெரியாது. அக்கா கையைப் பிடித்து இழுத்ததில் தண்ணீர் அத்தனையும் அவர் புடவையில் கொட்டியது. "வேணாங்க்கா" என்றான். "வுடுடா, உனக்கோசரம்தான" என்றார் அண்ணி. "எனக்கோசரம் வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு மேஜை பக்கம் திரும்பினான். "சார், எழுதிக்கங்க. அன்னிக்கு ஒரு நாள் இல்ல. தொட்டி ரொம்பினா தெறந்து வுட்டுக்கினுதான் இருந்தேன். மழ வந்தா பகல்லயே வுடுவேன், தெரியாதுன்னு. எங்கக்கா பொய் சொல்லுது. என்னாலதான் சொல்லுது."

ரேவதி, அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை உனக்கு மட்டும் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் படித்தவர்கள் என்று உட்கார்ந்து, பேப்பரில் பொய்யை எவ்வளவு அழகாகக் கோத்தோம். உன் காகிதத்தில் உன் பெயர் கெடாமல், என் யோசனையில் என் பெயர் கெடாமல். அண்ணிக்கு அப்படிக் கோக்கத் தெரியவில்லை. குடித்தே காட்டிவிடுகிறேன் என்று போய்விட்டார்.

அப்போதுதான் நானும் வாயைத் திறந்தேன். வீடியோவில் வந்த அன்றைக்குத் திறந்து விடச் சொன்னது நான் என்று சொன்னேன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அது ஒன்றுக்கும் உதவவில்லை. நேரம் கடந்து சொன்னால் என்ன உதவும்?

பட்டறையைத் திறக்க விடவில்லை. சுத்திகரிக்கிற வசதி சொந்தமாகப் போட்ட பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அளவுக்கு அவன் கையில் பணம் இல்லை. ஓரிக்கை பக்கம், கழிவைச் சுத்தம் பண்ணுகிற பெரிய பட்டறை ஒன்றில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். மற்ற பட்டறைக்காரர்கள் அவனோடு பேசுவதில்லை. தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறான். துர்கா மட்டும் மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். "எங்கப்பா ஒத்துக்கினாரு, இனிமே யாரு என்னா சொல்றது?" என்றாள்.

புடவை முடிகிற கட்டத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் நெய்து கொடுத்துவிடுவார், அதில் சந்தேகம் வேண்டாம்.

சங்கரி


கொடைக்கானல்
27.7.2024

சங்கரி,

முழு வீடியோவையும் போட்டுவிட்டேன். பட்டறைக்கு உள்ளே ஆரம்பித்து, ஈர நூலைப் பார்த்து என் பெண் சரி என்று சொல்வதும், நான் போனைத் தூக்கிக்கொண்டு குழாய் போகும் வழியே வெளியே வருவதும், எல்லாம். குமரகுருவின் முகத்தை மட்டும் மறைத்தேன். அவரிடம் கேட்காமல் இரண்டாம் தடவையும் போட எனக்கு உரிமை இல்லை. எங்கள் முகத்தை மறைக்கவில்லை. முதல் நிறமே சரியானது, படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு தடவை மாற்றச் சொன்னது நான், சாக்கடையில் ஓடியது என் பெண்ணின் கல்யாணச் சிவப்பு என்று கீழே எழுதினேன். குமரகுரு செய்தது சரி என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் அவர் சொன்ன உண்மையைக் கெடுத்தது போலாகும்.

முதல் வீடியோவைப் பார்த்ததில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் போதுமான அளவு திட்டினார்கள். பசுமை வட்டத்தில் வேறு ஒருவரைத் தலைவியாகப் போடுவது நல்லது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். சம்பந்தியம்மா போன் பண்ணி, "உங்க வீட்டு விஷயத்தை இப்படித்தான் ஊருக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். கல்யாணம் நடக்கும். ஆனால் ஜெயப்ரியா என்னோடு பேசுவதில்லை. அவளைக் கேட்காமல் அவள் முகத்தைப் போட்டேன் என்பது அவள் கோபம். நியாயமான கோபம் என்று போட்ட பிறகு புரிகிறது. ஒரு தப்பைச் சரிசெய்யப் போய் அதே தப்பை வீட்டுக்குள் செய்திருக்கிறேன்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு.

புடவையைக் கொரியரில் அனுப்ப வேண்டாம். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வரலாமா? வாசலில் நிற்க வைத்துக் கொடுத்து அனுப்பினாலும் சரி. குமரகுருவை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று இன்னும் தெரியவில்லை.

ரேவதி


காஞ்சிபுரம்
3.8.2024

ரேவதி,

வா.

குமரகுரு உன்னைத் திட்ட மாட்டான். என்னையும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருக்கிறது. நீ எந்த வார்த்தையைத் தேடினாலும் அது போதாது, நானும் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் வந்து சொல்.

நேற்று அம்சவேணி அண்ணி வீட்டுக்குப் போனேன். விசாரணைக்குப் பிறகு முதல் தடவை. அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் உட்காரச் சொல்லிவிட்டு, கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கி வரச் சொல்வார். எனக்கும் சரி, தம்பிகளுக்கும் சரி. ஒரு வாய் தண்ணீர் கேட்டால்கூட கலர்தான் வரும். கை தாராளம், காசு நிற்காது என்று நானே அவர் காதுபடக் கேலி பண்ணியிருக்கிறேன். சிரித்துக்கொள்வார்.

நேற்று கலர் வரவில்லை. உள்ளே போனவர் சொம்பில் தண்ணீரோடு வந்தார். எட்டிப் பார்த்தேன். அடுப்படி மூலையில், சாக்குப் போட்டு மூடியிருந்த இடத்தில், கடையில் விற்கிற தண்ணீர் கேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேன் தண்ணி குடுத்தா ஏன்க்கா வாங்கறன்னு தம்பி கேப்பான். போர் தண்ணிய உங்களுக்குக் குடுக்க மனசு வர்ல. அதான் கலர்."

எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. சொம்பை வாங்கிக் குடித்தேன், குடித்து முடிக்கும் வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ வருகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதலில் கோடி வீட்டுக்குப் போய், அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடி.

சங்கரி